கங்கம்மாவின் வலது தோள்

1.
இந்தக் கதை திருடியது. அடையாறில் ஒரு பிசியோதெரபி மையத்தில் கழுத்து வலிக்காகப் படுத்துக் கிடந்தபோது, பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு மீன்காரப் பெண் பேசியதை ஒட்டுக்கேட்டேன். என் கழுத்து உட்கார்ந்து எழுதிக் கெட்டது. அவள் தோள் கூடை சுமந்து கெட்டது. மூட்டை தூக்கியவர்கள் வீட்டில் வளர்ந்த எனக்கு இரண்டும் ஒன்றில்லை என்று தெரியும்.

2.
முதல் தொடக்கம்: ‘கடல் அன்று அமைதியாக...’

வேண்டாம். கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்கு நேரமில்லை.

இன்னொன்று: கங்கம்மா பாலவாக்கத்துக்காரி. தெருத்தெருவாக மீன் விற்பவள். வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. கூடையைத் தலைக்கு ஏற்ற யாராவது ஒரு பக்கம் பிடிக்க வேண்டும். பிடி என்று வாய்விட்டுக் கேட்பது அவளுக்கு ஆகாது. கேட்காமல் தூக்கத்தான் இந்த மையத்துக்கு வருகிறாள்.

3.
தசைக்கு மேல் ஓர் உறை இருக்கிறது. ஃபேஷியா என்கிறார்கள். ஆட்டுக்கறி கழுவும்போது கையில் வழுக்குமே வெள்ளைச் சவ்வு, அதேதான். அது இறுகினால் கை நகராதாம். அதை இளக்குவது எண்ணெய் போட்டுத் தேய்க்கிற வேலையில்லை. உலர்ந்த தோலில் கையை ஊன்றி, மெல்ல இழுத்து, இளகும்வரை காத்திருக்க வேண்டும். (சவ்வுதான் இளகுகிறதா, நரம்பு சமாதானமாகிறதா என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே தகராறு. எனக்குத் தெரியாது.)

4.
பிசியோதெரபிஸ்ட் சான்ட்ராவின் குரல்:

“இன்னைக்கும் எண்ணெயா? வேணாம்னு எத்தனை தடவ சொல்றது? வழுக்குது, என் கையே நிக்க மாட்டேங்குது.”

வளையல் குலுங்கியது.

“சொல்லுங்கம்மா.”

“கவிச்சி அடிக்கும்மா. குளிச்சாலும் போவாது. உன் கை நாறக் கூடாதுன்னுதான் எண்ணெ தடவி, பவுடர் போட்டுகினு வந்தேன்.”

[இங்கே சான்ட்ராவை அழவைத்திருந்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். துண்டால் துடைக்கும் சத்தம்தான் கேட்டது.]

“பக்கத்து பெட்டுக்காரர் சாக்ஸ கழட்டி வச்சிருக்காரு. அதவிடவா? மீனோடவே வாங்க.”

நான் காலை இழுத்துக்கொண்டேன். கங்கம்மா சிரித்தாள்.

துடைத்த தோளில் வெகுநேரம் வேலை நடந்தது. பிறகு, “எழுந்து நின்னு தூக்குங்க” என்றாள் சான்ட்ரா. திரைக்கு மேலே ஒரு கை வந்தது. கண்ணாடி வளையல்.

“இப்ப கூடை தூக்கலாமா?”

“இப்போதைக்கு வேணாம். யாரையாவது பிடிக்கச் சொல்லுங்க.”

கை இறங்கியது.

“அதுக்கா இம்மாம் பாடு?”

5.
முடிவு ஒன்று: மறுநாளே தனியாகத் தூக்குகிறாள், தோள் பழையபடி பிடித்துக்கொள்கிறது. உழைக்கிறவர்களைப் பற்றி எழுதினால் பேனா தானாக இங்கேதான் போய் நிற்கிறது. அலுத்துவிட்டது.

முடிவு இரண்டு: ஓய்வெடுக்கிறாள், குணமாகிறாள். அந்த ஓய்வை யார் கொடுத்தார்கள் என்று எழுத எனக்கு...

விடுங்கள். விடியற்காலை, பாலவாக்கம் கரை. மணலில் கூடை நிறைந்திருக்கிறது. துணியைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துவிட்டாள். யாரையும் கூப்பிடவில்லை. குனியப் போகிறாள்.

நீங்கள் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். கூடையின் அந்தப் பக்க விளிம்பு உங்கள் கைக்கு எட்டும். கவிச்சி அடிக்கும்.