திரையின் அடுப்படிப் பக்கம்

பாட்டியின் முதல் வருடப் படையலுக்கு மடிப்புத் திரையை வைக்கும் வேலை என்னிடம் வந்ததற்குக் காரணம் பெரியப்பாவின் முதுகுவலி. வழக்கமாக அது ஆண்கள் செய்வது. அப்பா இப்போது இல்லை. அண்ணனுக்கு டோக்கியோவில் விடுமுறை கிடைக்கவில்லை. மிச்சமிருந்தவள் நான்.

பாட்டி எங்கள் பூர்வீகமான ஜேஜு தீவிலிருந்து சின்னப் பெண்ணாகக் கப்பலேறி ஒசாகாவுக்கு வந்தவர். அங்கே இகுனோ வட்டாரத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, கண் மங்கும்வரை செருப்புகளுக்கு அடித்தோல் ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பசை வாடை போகக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு தென்னோஜி அருங்காட்சியகத்துக்குப் போவார். அங்கே எழுதியிருந்த எதையும் அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒரே படத்தின் முன்னால் நின்றுகொண்டே இருப்பாராம். காவலாளி பாவப்பட்டு நாற்காலி கொண்டுவந்து போட்டாராம். அப்பா சொன்னது. நாற்காலியை அப்பாவே சேர்த்திருக்கவும் கூடும்.

திரைக்கு எட்டுப் பலகைகள். ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு எழுத்து. மறுபக்கத்தில் முதலில் பெரிய பெரிய சிவப்புப் பூக்கள் இருந்தனவாம். அவை மங்கியதும் பாட்டி அவற்றின்மேலேயே வரையத் தொடங்கினார். கால்வாய், ரயில் பாலத்தின் கீழே மீன்கடை, கொடியில் தொங்கும் முள்ளங்கி இலை, குவிந்து கிடக்கும் செருப்புகள். பெரியப்பா அதைக் கிறுக்கல் என்பார்.

வீட்டில் படையல் போடுவது இதுதான் கடைசி என்று பெரியம்மா முன்பே சொல்லியிருந்தார். அவர் கைவிரல்கள் மடங்குவதில்லை. அடுத்த வருடம் முதல் கோயிலில் கொடுத்துவிடலாம். அப்படியானால் திரை எதற்கு? திங்கட்கிழமை பெரிய குப்பை எடுக்கும் வண்டி வரும். பெரியப்பா அதற்கான சீட்டைத் திரையின் ஓரத்தில் ஒட்டியும்விட்டார். திரையை எனக்குத் தரும்படி கேட்க வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. என் அறையில் பாய் விரித்தால் நடக்க இடமில்லை.

எப்போதும் போலத் திரையை முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவிலுள்ள வாசலை மறைத்து நிறுத்தினேன். அதன் முன்னால் மேசை, மேசையில் பாட்டியின் புகைப்படம், வரிசைப்படி மீன், பெரணிக்கீரை, பயற்றடை, அரிசிப் பணியாரம், அடுக்கிய பழங்கள். எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்தேன்.

கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்த பெரியப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? உங்க பாட்டிக்குக் கல்யாணமா பண்ணி வைக்கப் போறோம்?"

நான் படப் பக்கம் முன்னறையைப் பார்க்க நிறுத்தியிருந்தேன். படப் பக்கம் கல்யாணத்துக்கு, எழுத்துப் பக்கம் செத்தவர்களுக்கு. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த முறை. எனக்கு யாரும் சொன்னதில்லை. படம்தான் முன்பக்கம் என்றேன், நான் எப்போதும் அதைத்தான் பார்த்திருக்கிறேன் என்றேன்.

"எங்கேருந்து பாத்தே?"

"அடுப்படியிலேருந்து."

பெண்கள் படையலுக்கு முன்னறைக்கு வருவதில்லை. சமைத்து, எடுத்துக் கொடுத்து, திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்போம். பெரியப்பா பதில் சொல்வதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

"நானும் கல்யாணமாகி வந்ததுலேருந்து அதைப் பாத்துக்கிட்டுதான் அடை சுடறேன். ஒவ்வொரு படையலுக்கும் அத்தை ஏதாவது புதுசா சேர்த்து வச்சிருப்பாங்க. அவங்களோட பேச்சுவார்த்தை இல்லாத வருஷத்துலகூட என்ன சேர்த்திருக்காங்கன்னு தேடிக்கிட்டுதான் இருந்தேன்."

பெரியப்பா திரையைத் திருப்பச் சொன்னார். அதற்கு மேசையைக் காலி செய்ய வேண்டும். பெரியம்மாவின் குரல் மறுபடி வந்தது.

"திருப்பணும்னா நீங்களே திருப்புங்க. இன்னொரு வாட்டி அந்த மீனைத் தூக்க என்னால ஆகாது."

அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பிறகு மண்டியிட்டு மதுவை ஊற்றினார். ஒருமுறை விழுந்து வணங்கினார். இரண்டாம் முறை விழுந்தவர் எழவில்லை. வலிதான் என்று நினைத்து அருகே போனேன். தரையில் கையூன்றியபடி, மேசைக் கால்களுக்கு இடையே தெரிந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல நான் எங்கயாவது இருக்கேனா?"

யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. பெரியம்மாதான் பதில் சொன்னார்.

"இல்ல. ஆம்பளைங்க யாருமே இல்ல. ரெண்டு பூனை இருக்கு."

பெரியப்பா சிரித்தாரா, வலியில் முனகினாரா என்பதை உறுதியாக எழுத முடியவில்லை. தூக்கிவிட்டேன். அவர் கை கனமாக இருந்தது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன்.

"பெரியப்பா, இதை நான் எடுத்துக்கட்டுமா?"

"உன் ரூம்ல எங்கம்மா விரிப்பே?"

தெரியாது என்றேன். அதுதான் உண்மை. வண்டிக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டதே என்று அவர் முணுமுணுத்தார். பெரியம்மா திரையைச் சுற்றி முன்னறைக்கு வந்தார். படையல் முடியும் முன்னே அவர் அங்கே வந்து நான் பார்த்ததில்லை. மடங்காத விரல்களால் அந்தக் குப்பை வண்டிச் சீட்டைச் சுரண்டத் தொடங்கினார். பாதிதான் வந்தது. மீதியை நான் உரித்தேன்.

இப்போது திரை என் அறையில், குளிர்ப்பெட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரே சமயத்தில் இரண்டு பலகைகளைத்தான் விரிக்க முடிகிறது, அதற்கும் மேசையை நகர்த்த வேண்டும். படம் நல்ல படமா என்று சொல்ல எனக்குப் படிப்பு போதாது. வேலை முடிந்து, மாலை வகுப்பும் முடிந்து வரும் நாட்களில் மேசையை நகர்த்தத் தெம்பிருப்பதில்லை. இந்த வாரம் ஒரு நாளும் நகர்த்தவில்லை.