நாலாவது குரல்

உள்ளங்கை அகலத்தில் ஒரு பழைய வீடியோ கேம் பொட்டி. அதிலிருந்து பாட்டு வரும் என்றால் யார் நம்புவார்கள்? தம்பி வரவைத்தான். ஃபோன் ரிப்பேர் கடையில் வேலை முடிந்து வந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டு, பட்டனை அமுக்கி அமுக்கி மெட்டுப் போடுவான். அதன்மேல் அக்கா ராப் பாடுவாள். அவள் பஸ் டிரைவர். கடைசி நடை முடிந்து காலி பஸ்ஸை டிப்போவுக்கு ஓட்டிப் போகும்போதுதான் அவளுக்கு வரிகள் கொட்டும்.

முன் அறை அப்பாவின் பட்டறை. பழைய சோபாவுக்குப் புதுத் துணி போட்டு ஆணி அடிப்பது அவர் தொழில். "டேய் டொய்ங், அந்தச் சனியனை நிறுத்துடா, காது கிழியுது!" என்று தினமும் ஒரு தடவையாவது கத்தாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. தம்பிக்கு டொய்ங் என்று பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான்.

அன்று மாலை நகர மண்டபத்தில் இவர்களுக்கு முதல் மேடை. சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறவர்களுக்கான நிகழ்ச்சி, ஆளுக்கு ஒரே பாட்டு. காலையில் அக்கா எழுந்து வந்தபோது தம்பி பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"என்னடா?"

"எல்லாம் போச்சுக்கா."

பொட்டியில் செருகும் கேம் கேசட்டுக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி உண்டு. போட்ட பாட்டையெல்லாம் அழியாமல் வைத்திருப்பது அதுதான். மேடையில் அது கைவிட்டுவிடக் கூடாதே என்று இந்தப் புத்திசாலி புதுசு மாற்றியிருக்கிறான். புதுசை வைப்பதற்கு முன்னால் பழசைக் கழற்றிவிட்டான். அவ்வளவுதான், நாலு மாத உழைப்பு சுத்தமாகக் காலி.

"கடைக்கு வர்றவங்களை எல்லாம் 'காப்பி எடுத்து வெச்சீங்களா'ன்னு கேட்பியே, நீ எடுத்தியாடா?"

நறுக்கென்று நாலு குட்டு வைக்கலாம் போலிருந்தது அவளுக்கு. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் ஓங்கப் போன கையை இறக்கிக்கொண்டாள்.

"நாம வரலன்னு ஃபோன் பண்ணிச் சொல்லிடுக்கா."

"வாயை மூடு. பொட்டியை எடு."

அந்தப் பொட்டிக்கு மொத்தமே நான்கு குரல். இரண்டு மெட்டுக்கு, ஒன்று கனத்த அடிக்குரல், நாலாவது 'இஸ்' என்று இரைந்து தாளம் போடும். பஸ்ஸில் ஒத்திகை பார்த்தபோது அக்கா ஃபோனில் பதிந்தது ஒன்று இருந்தது. அதைக் கேட்டுக் கேட்டு மதியத்துக்குள் மூன்று குரல்களை மீட்டுவிட்டார்கள். நாலாவது மட்டும் இன்ஜின் இரைச்சலில் கரைந்து கிடந்தது. இருபது தடவை மாற்றி மாற்றிப் போட்டவனுக்கு, கடைசியாக எதை வைத்தோம் என்றே நினைவில்லை. போடுவான், அழிப்பான். அக்கா பாட ஆரம்பித்தபோதெல்லாம், படி இருக்கிறதென்று நினைத்துக் காலை வைத்தவள் மாதிரி தடுமாறினாள்.

மணி மூன்று. தம்பி பொட்டியை அணைத்துக் கீழே வைத்தான். காலையிலிருந்து துணி வெட்டிக்கொண்டிருந்த அப்பா அப்போதுதான் சுத்தியலை எடுத்தார்.

டக். டக்டக். டக். டக்டக்டக்.

அக்காவின் உதடு தானாக அசைந்தது.

"கடைசி சீட்டும் காலி, கண்ணாடியில நான்தான்,
எறங்கச் சொன்ன எடமெல்லாம் ஏறி வந்த ஆள்தான்!"

ஒரு சொல் பிசகவில்லை. இருவரும் விழுந்தடித்து முன் அறைக்கு ஓடினார்கள்.

"அப்பா, என்ன அடிக்கிறீங்க?"

"கண்ணு தெரியல? ஆணி."

"இந்தத் தாளம் எங்கேருந்து வந்துச்சு?"

"தாளமாவது மண்ணாவது! நாலு மாசமா சுவத்துக்கு அந்தப் பக்கம் போட்டு உயிரை எடுத்தீங்களே, கை அது பாட்டுக்கு அடிக்குது."

"நிறுத்தாதீங்கப்பா!" தம்பி தரையில் உட்கார்ந்து மறுபடி பொட்டியைப் போட்டான். ஆனால் தெரிந்து அடிக்கப் போனால் கை ஓடவில்லை அவருக்கு. "ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்புங்க, கூச்சமா இருக்கு" என்றார். திரும்பினார்கள். தாளம் வந்தது.

தம்பி பதித்ததைப் போட்டுக் காட்டினான். அப்பா இல்லையென்று தலையை ஆட்டினார். "நாலாவது சுத்துல ஒரு அடியை விட்டுடணும்டா. அங்கதானே இவ மூச்சு வாங்குவா?"

அக்கா அப்பாவையே பார்த்தாள். காது கிழிகிறது என்று கத்திய மனுஷன், அவள் மூச்சு வாங்கும் இடம்வரை கேட்டிருக்கிறார்.

மாலையில் மண்டபம் நிரம்பி வழிந்தது. நாலாவது சுற்றில் பொட்டி ஓர் அடியை விட்டுக் கொடுத்தது. அக்கா மூச்சை இழுத்து வரியை வீசினாள். சனம் எழுந்து நின்றது. தம்பி சிரித்த சிரிப்பைப் பார்த்து அவளுக்கு மார்பு நிமிர்ந்தது.

இறங்கி வந்தபோது, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் பக்கத்து சீட்டுக்காரர் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் பாடுறாங்க. ஆனா அந்தப் பொட்டிச் சத்தம், காது கிழியுது சார்."

அப்பா விறைத்துக்கொண்டார்.

"கிழிஞ்சா கிழியட்டும் சார். தாளத்தைக் கேட்டீங்களா? அது என்னுது."