பொய்த்தரை

கரண்டியில் இருந்த தண்ணீர் அப்பாவின் கடைவாயில் வழிந்தது. மகள் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு இன்னொரு கரண்டி எடுத்தாள். இனி மருந்து வேண்டாம், பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பார்க்க வேண்டியவன் அண்ணன் ஒருவன்தான். வெளியூரிலிருந்து காரை எடுத்துவிட்டான். மழை விட்டபாடில்லை.

அப்பா வரைபட அலுவலகத்தில் இடப்பெயர் எழுதுகிறவராக இருந்தவர். பட்டிக்காட்டில் குன்று, ஓடை, மேய்ச்சல் நிலம் என்று ஒன்று விடாமல் போய், அங்குள்ளவர்கள் அதை என்னவென்று சொல்கிறார்கள், எப்படி எழுத வேண்டும், ஏன் அந்தப் பெயர் வந்தது என்று விசாரித்துக்கொண்டு வருவார். ஊர் உலகத்துக்கெல்லாம் பெயர் கேட்கிற மனுஷனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது என்று அம்மா கேலி செய்வாள். ஆனால் வேலையில் ஆள் படு கறார். உள்ளூர்க்காரர்கள் மூன்று பேர் தனித்தனியாக ஒரே பெயரை, ஒரே காரணத்தோடு சொல்ல வேண்டும். எழுதுகிறவருக்கே தெரிந்திருந்தாலும் அது சேர்த்தி இல்லை.

இப்போது மகளுக்கும் அதே அலுவலகம், அதே வேலை, அதே கறார். போன வருடம் வரைபடத்தைத் திருத்தி அச்சிட்டபோது, அப்பா எழுதிய ஒரு பெயரைச் சரிபார்க்கப் போனாள். பொய்த்தரை என்ற புல்வெளி. சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் வீட்டைக் காலி செய்துகொண்டு போயிருந்தார்கள். ஆடு மேய்க்கிறவர் ஒருவர்தான் மிச்சம். மழை பிடித்தால் மேலே புல் பச்சைப்பசேலென்று இருக்கும், அடியில் தரை இருக்காது, வண்டியும் மாடுமாக உள்ளே போயிருக்கிறது என்றார் அவர். ஒருவர் சொன்னால் போதாதே. பெயரை எடுத்துவிட்டாள். வீட்டில் காட்டியபோது அப்பா வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் செய்திருக்கிறாய் என்றார். அன்று அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மத்தியானம் அப்பா கண் திறந்தார்.

"அவன் எந்த வழியா வர்றான்?"

பெரிய ரோடு வழியாகத்தான் என்றாள் மகள். இல்லையாம் என்றாள் அம்மா. பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறதாம், அதனால் குறுக்கு வழியில் திரும்பிவிட்டானாம், நீ குளிக்கப் போயிருந்தபோது பேசினான், நீ கொடுத்த வரைபடம் கையில் இருக்கிறதாம், கவலையில்லை என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அப்பாவின் கை வந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தது. அந்த உடம்பில் அவ்வளவு பலம் மிச்சமிருக்கும் என்று அவள் நினைக்கவேயில்லை.

"பொய்த்தரைம்மா. அவனுக்குச் சொல்லு."

அவள் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள். கூடத்துக்கு ஓடிப்போய் அண்ணனின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. உள்ளே அம்மா அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்ட விதத்திலேயே முடிந்துவிட்டது தெரிந்தது. அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. அம்மா அழவில்லை. கிழிந்த வேட்டி ஒன்றிலிருந்து நாடா கிழித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அண்ணனே கூப்பிட்டான்.

"பாப்பா, வண்டி எறங்கிடுச்சு. கதவு தெறக்க மாட்டேங்குது." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "மீட்பு ஆபீஸ்ல எடத்துப் பேரு கேக்குறாங்க. எங்க திரும்பினேன்னு எனக்கே தெரியல. ஒன் மேப்ல இங்க பேரே போடல. அப்பாகிட்ட கேளேன், அவருக்குத் தெரியாம இருக்காது."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அம்மா அவர் தாடையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பொய்த்தரை."

"அப்பா சொன்னாரா?"

"ஆமாண்ணே. அப்பாதான் சொன்னாரு."

"வந்துட்டே இருக்கேன்னு சொல்லு அவருகிட்ட" என்றான். தொடர்பு அறுந்தது.

மீட்பு அலுவலகத்துக்கு அவளே அழைத்தாள். எடுத்தவர் பொறுமையானவர். பக்கத்தில் ஊர் எது என்று கேட்டார். இருந்த ஊர்களெல்லாம் காலியாகிவிட்டன என்றாள். கிழக்கே, ஓடைக்கு அப்பால் என்றாள். ஓடை இப்போது எல்லாப் பக்கமும் ஓடுகிறதே அம்மா என்றார் அவர்.

"புது மேப்தான் வெச்சிருக்கோம். நீங்க சொல்ற பேரே இதுல இல்லையே. ஒவ்வொரு எழுத்தா சொல்றீங்களா?"

அவள் சொன்னாள். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அவர் ஒரு தாள் முடித்து அடுத்த தாளுக்குப் போனார்.