கல்மூஞ்சி இரும மறுக்கிறார்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்கு நிஜமாகத் தெரிந்தது ஒரு திரைச்சீலையும் இரண்டு குரல்களும்தான். காது அடைத்துக்கொண்டது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் (ஒரு காதுதான், ஒட்டுக்கேட்க மற்றது போதுமானதாக இருந்தது) வழி தவறி இருதயப் பிரிவில் உட்கார்ந்துவிட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதட்டிக்கொண்டிருந்தாள்.

"தலையணையை நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கிட்டு நல்லா இருமுங்க சார். சளி கட்டிக்கிச்சுன்னா மறுபடி மூச்சுக்குக் குழாய்தான் போடணும்."

ஓர் ஆண் குரல் நிதானமாகச் சொன்னது: "உங்க புகாரைக் குறிச்சுக்கிட்டேன்."

அதற்குள் காவலாளி வந்து என்னைக் காதுப் பிரிவுக்குக் கிளப்பிவிட்டார். நான் திரும்பி வந்தபோது திரை விலகியிருந்தது. கட்டில் காலி, புது விரிப்பு. மனிதர் வீட்டுக்குப் போனாரா, குழாய்க்குப் போனாரா, வேறெங்காவது போய்விட்டாரா? கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. அந்த உறுத்தல்தான் இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே அவர் மரணத்தோடு

வேண்டாம். சுவர் இளமஞ்சள்.

இரண்டாம் தொடக்கம்: இருமல் என்பது மனித உடல் இந்த உலகத்தோடு நடத்தும்

இதை எழுதிய கையை நானே ஒரு தட்டுத் தட்டினேன்.

மூன்றாவது: அவர் ஊருக்குத் தண்ணீர் விடும் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். குழாயில் வெறும் காற்று வருகிறது என்று கத்தியவர்கள், தவளை வந்தது என்று தவளையையே கொண்டுவந்தவர்கள், எல்லோருக்கும் அவர் காட்டியது ஒரே முகம். அலுவலகத்தில் அதைப் பொறுமை என்றார்கள். வீட்டில் மனைவி வேறு என்னென்னவோ சொன்னார். ஆனால் பள்ளிக்கூடத்திலேயே அதற்குப் பொருத்தமான பெயரை வைத்துவிட்டிருந்தார்கள்: கல்மூஞ்சி.

இது வருகிறது. இப்படியே போவோம்.

3

நெஞ்சைத் திறந்து, இருதயத்தைப் பழுது பார்த்து, மறுபடி மூடித் தைத்திருந்தார்கள். இருமினால் எல்லாம் பிளந்துகொள்ளும் என்று கல்மூஞ்சிக்கு உள்ளூர நடுக்கம். பிளக்காது என்று மூச்சுப் பயிற்சிக்காரப் பெண் படித்துப் படித்துச் சொன்னாள். அவர் தொண்டையை லேசாகக் கனைத்துக் கணக்குக் காட்டினார்.

"இப்படி ஒரு பிடிவாதமா?" என்று அவள் நொந்துகொண்டாள்.

"பிடிவாதம் இல்லம்மா, பயம்" என்றார் மனைவி. "அந்த மூஞ்சியில ஒண்ணும் தெரியாது. காது சிவக்குதா பாரு, அதான் அடையாளம்."

"சிரிச்சாக்கூடப் போதும். பின்னாடியே இருமல் தானா வந்துரும்."

"இவரா? எங்க கல்யாண போட்டோவப் பாரு. கோர்ட்ல சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி நிப்பாரு."

4

கண்ணை மூடினால் கல்மூஞ்சிக்குக் கடைசி பெஞ்சு தெரிந்தது. அங்கே மூன்று பேர்: அவர், சோடாபுட்டி, வாத்து. சோடாபுட்டிக்குக் கண்ணாடி தடிமன். வாத்துக்கு நடை அப்படி. மூவருக்கும் ஒரே விளையாட்டு. இருவர் மூக்கும் மூக்கும் இடிக்கிற மாதிரி உட்கார வேண்டும். பேசக்கூடாது, தொடக்கூடாது. முதலில் சிரிப்பவர் தோற்றவர். ஜெயித்தவரின் பையை வீடு வரை சுமக்க வேண்டும். சோடாபுட்டி பள்ளிக்காலம் முழுக்க இரண்டு பைகளோடுதான் நடந்தாள்.

வாத்து மட்டும் வேறு ரகம். கோணல் முகம் எல்லாம் காட்டமாட்டான். எதிராளியைப் பார்த்து ரொம்பவும் பரிதாபப்படுவான், அவ்வளவுதான். ஒருநாள் அந்தப் பார்வையில் கல்மூஞ்சிக்கே சிரிப்பு நெஞ்சு வரை ஏறிவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து மணி அடித்தார்கள்.

"ஆட்டம் பாக்கி இருக்குடா" என்றான் வாத்து. அடுத்த வாரமே அவன் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல்.

[வாத்தை நான் முழுசாக நம்பவில்லை. கதைக்கு வேண்டிய நேரத்தில் சொல்லிவைத்தாற்போல் வந்து நிற்கிறான். ஆனால் அடித்துவிட்டுப் படித்தால் பெஞ்சில் ஓர் இடம் காலியாகத் தெரிகிறது. இருக்கட்டும்.]

5

மனைவி போன் போட்டதும் சோடாபுட்டி வந்து சேர்ந்தாள். தலை முழுக்க நரை. கண்ணாடி மட்டும் அதே தடிமன்.

"என்னடா, இரும மாட்டியாமே? உக்காந்து என்னைப் பாரு."

பார்த்தார். அவள் உடனே தோற்றாள். கண்ணாடியில் நீராவி படர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பயிற்சிக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர், "ஐயோ, என் தையல்!" என்று தன் தலையணையைத் தேடினார். கல்மூஞ்சி மட்டும் அசையவில்லை. அவர் மூச்சில் கரகரப்பு காலையைவிடக் கூடியிருந்தது. எல்லோருக்கும் அது கேட்டது. சிரிப்பு அடங்கிப்போயிற்று.

"போதும்ங்க" என்றார் மனைவி. "எனக்கு பயமா இருக்கு. இந்த மூஞ்சியத் திட்டாம எனக்குப் பொழுதே போகாது. நீங்க வீட்டுக்கு வரணும்."

கல்மூஞ்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதல் தடவையாகச் சொன்னார்: "வலிக்கும்னு பயமா இருக்குடி."

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சோடாபுட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"வாத்து வந்திருக்கான். கீழ லிஃப்ட்டுக்கு நிக்கிறான்."

6

இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு முடிவு: சோடாபுட்டி சொன்னது பொய். வாத்து எப்போதோ இறந்துவிட்டான். கல்மூஞ்சி குமுறி அழ, அழுகையில் இருமல் வருகிறது. இதை எழுதியே முடித்துவிட்டேன், நன்றாகவும் இருந்தது. ஆனால் ஒருவருக்குச் சளி எடுக்க இன்னொருவனைக் கொல்வது அநியாயம். கிழித்துப் போட்டேன்.

இன்னொரு முடிவு: வாத்து வருகிறான், உட்காருகிறான், பரிதாபமாகப் பார்க்கிறான். சரிதான், ஆனால் அந்தப் பார்வையை எப்படி எழுதுவது? கண்ணாடி முன் நின்று செய்து பார்த்தேன். "மறுபடி காது வலியா?" என்று என் மனைவி கேட்டாள்.

எனக்கு அந்த முகம் வாய்க்கவில்லை. அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் போக அன்றும் என்னால் முடியவில்லை, இன்றும்

7

லிஃப்ட் கதவு திறக்கிறது. இறங்குவது நீங்கள்தான்.

என்னைத் திரும்பிப் பார்த்துப் பயனில்லை. நடை கொஞ்சம் வாத்து மாதிரி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. இளமஞ்சள் சுவர், திரை, அதற்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. சோடாபுட்டி உங்களுக்கு வழி விடுகிறாள். மனைவி தலையணையை அவர் நெஞ்சோடு சேர்த்து வைக்கிறார்.

"ஆட்டம் பாக்கி இருக்கு" என்கிறார் கல்மூஞ்சி.

விதிகள் தெரியுமே: பேசக்கூடாது, தொடக்கூடாது. ஜென்மத்தில் தோற்காத மனிதர். இன்று தோற்றால் வீட்டுக்குப் போவார்.

உட்காருங்கள். அவர் காது சிவக்க ஆரம்பித்துவிட்டது. பயத்தாலா, வேறெதனாலா என்று மனைவிக்கே பிடிபடவில்லை. நீங்கள் மட்டும் முதலில் சிரித்துவிடாதீர்கள்.