இரண்டு மூடி கரைசல்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. யாருடைய பொய் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் என்னோடு பேச்சை முறித்துக்கொள்வீர்கள்.

'கடல் என்பது' என்று முதலில் ஆரம்பித்தேன். (அடித்துவிட்டேன். கடலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தெரிந்ததெல்லாம் முன்னறையில் இருக்கும் நாலடிக் கண்ணாடித் தொட்டி.)

2

காலையில் தொட்டியைப் பார்த்த தையல்காரிக்குத் திக்கென்றது. ஆறு வருடத்தில் நகத்தளவிலிருந்து கையகலத்துக்கு வளர்ந்த பவளம், சுருங்கி நுனி வெளுத்துக் கிடந்தது. கணவன் முழங்கால் அறுவைக்காக ஆஸ்பத்திரியில் இருக்கிறான், வெள்ளிக்கிழமை வருகிறான். அவனுக்கு அது பிள்ளை மாதிரி. (பிள்ளை இல்லாத வீட்டில் என்று எழுதி, இரக்கம் கேட்கிறதே என்று எடுத்துவிட்டேன்.)

பவளம் வளர வளரத் தண்ணீரின் காரத்தன்மை குறையும். அதை ஈடுகட்டத் தினமும் ஒரு மூடி சோடாக் கரைசல் ஊற்ற வேண்டும். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. அவள் ஒரு நாளும் தவறவில்லை.

சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, வாய்விட்டு எண்ணியபடி சோதனை மருந்தைச் சொட்டினாள். சொட்டு கூடினால் காரத்தன்மை கூடிவிட்டது என்று அர்த்தம். எட்டாவது சொட்டில் நீலம் மஞ்சளாக வேண்டும். பதினான்காவதில்தான் மாறியது.

3

கொழுந்தன், லிஃப்ட் மெக்கானிக், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"தம்பி, தொட்டியில நீங்க ஏதாவது ஊத்துனீங்களா?"

"தினம் சாயங்காலம் ஒரு மூடி. அவ்வளவுதான் அண்ணி."

"ஐயோ! காலையில நான் ஊத்துறேனே!"

"அண்ணன்தான் சொன்னாரு. அண்ணிக்கு மறதி, நீயே பாத்துக்க, அவகிட்ட சொல்லாதேன்னு."

"என்கிட்டயும் அதையேதான் சொன்னாரு. அவன் சோம்பேறி, அவனை நம்பாதேன்னு."

அவள் தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள்.

"பன்னெண்டு வருஷம் குடித்தனம் பண்ணியும், ஒரு மூடித் தண்ணிக்கு என்னை நம்பலையே."

(இந்த இடத்தில் கணவனுக்காக ஒரு நியாயம் எழுதப் பார்த்தேன். 'அவன் அப்படிச் செய்ததற்குக் காரணம்' என்பதோடு நின்றுவிட்டது.)

4

சரி, சொல்லிவிடுகிறேன். கணவன் நான்தான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் போன் பண்ணினேன். அவள் எடுத்து, "இருங்க" என்று மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் தொட்டிப் பக்கம் போனாள். மறுமுனையில் நான் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. போனை வைத்துவிடவும் மனமில்லை.

மூக்கை உறிஞ்சியபடி திரும்ப எடுத்தாள். தினமும் கேட்பதைத்தான் கேட்டேன், வேறெதுவும் வாயில் வரவில்லை.

"பவளம் விரிஞ்சிருக்கா?"

"விரிஞ்சிருக்குங்க. நல்லா இருக்கு."

என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாளா? இல்லை, நீயும் இனிமேல் எதையும் நம்பாதே என்று சொன்னாளா? நான் ஒட்டுக்கேட்டது அவளுக்குத் தெரியுமா? எத்தனை முறை திருத்தி எழுதினாலும் புரியவில்லை.

5

முடிவு ஒன்று: வாசலிலேயே மன்னிப்புக் கேட்கிறேன். முடிவு இரண்டு: ஒன்றும் தெரியாதவன்போல் தொட்டியைப் பார்த்து

வேண்டாம். நாளை வெள்ளிக்கிழமை. முடிவை உங்களிடமே ஒப்படைக்கிறேன். உங்களிடம் மட்டும்தான், வேறு யாரிடமும் தரவில்லை.

நம்புகிறீர்களா?