உறையில் எழுதிய ஊர்

எலாடியோவுக்கு மெதுவாக நடக்க வராது. முப்பத்தெட்டு வருஷம் கூரைகளுக்கு ஓடு போட்டவன். எத்தனை ஓடோ அத்தனை கூலி. நின்று மூச்சு விட்டால் அன்றைக்கு வீட்டில் ரொட்டி குறையும். வேலையை விட்ட பிறகும் கால்கள் அந்த ஓட்டத்தை விடவில்லை. லியோனிலிருந்து சந்தியாகப்பர் கோவிலுக்கு முந்நூறு கிலோமீட்டர் நடை யாத்திரை. மனைவி கசில்டா மார்பில் ஆபரேஷன் செய்து பிழைத்து வந்தபோது நேர்ந்துகொண்டது. அவளுடைய பையையும் தன் முதுகிலேயே மாட்டிக்கொண்டு, பகல் பன்னிரண்டுக்கெல்லாம் அவன் அடுத்த சத்திரத்தில் போய் உட்கார்ந்துவிடுவான். அவள் நாலு மணிக்கு வருவாள்.

அவள் தனியாக வந்தவரைக்கும் அவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. இப்போது ஆறு நாளாகப் பெனிக்னோவோடு வருகிறாள்.

பெனிக்னோ சமோராப் பக்கத்துக்காரர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது, மனைவி இல்லை. வலது முட்டி சரியில்லாததால் அவருடைய பை மட்டும் தினமும் அடுத்த சத்திரத்துக்கு வண்டியில் போகும். அவர் கையை வீசிக்கொண்டு, எதிர்ப்படுகிற ஒவ்வொரு மாட்டுக்கும் நின்று வணக்கம் சொல்லிக்கொண்டு வருவார். கசில்டா அவரை அண்ணே என்று கூப்பிட்டாள். அண்ணனாம், அண்ணன்!

ஆறாம் நாள் சாயங்காலம் போர்த்தோமரின் சத்திரத்தில், கீரைச் சூப்புக்கு முன்னால் உட்கார்ந்து அவள் சொன்னாள்: "இன்னைக்கு ஒரு கழுதை பார்த்தோம்யா. வைக்கோல் தொப்பி போட்டிருந்துச்சு."

"நானும் அந்த வழியாத்தானே வந்தேன். கழுதை எதுவும் இல்ல."

"நீ வர்ற வேகத்துக்கு நீ எங்க அதைப் பார்த்த? அதுதான் உன்னப் பார்த்திருக்கும்."

பெனிக்னோ மேசையைத் தட்டிச் சிரித்தார். கசில்டாவும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அந்தச் சிரிப்பை எலாடியோ கேட்டதில்லை. அது திரும்பி வந்ததே அவனுக்குத் தெரியாது. வந்து ஆறு நாளாகிறது, இன்னொருத்தன் கேட்டுக்கொண்டிருக்கிறான். சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

மறுநாள் காலை, வண்டியில் போகவேண்டிய பைகள் சத்திர வாசலில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் காதிலும் ஓர் உறை. போய்ச் சேரவேண்டிய ஊர் அதில் எழுதியிருக்கும். எல்லோரும் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். எலாடியோ பேனாவை எடுத்துப் பெனிக்னோவின் உறையில் இருந்த, அன்றைக்கு எல்லோரும் தங்கவேண்டிய பாலாஸ் தெ ரெய் என்ற பெயரை அடித்தான். அதன் கீழே லெபொரெய்ரோ என்று எழுதினான். அவன் எழுத்துக் கற்றது ஐம்பது வயதில். அந்த ஒரு பெயரை எழுதி முடிப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. லெபொரெய்ரோ பாலாஸைத் தாண்டி இன்னும் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பையைத் தேடிக் கிழவன் சாயங்காலமே அங்கே போவான், நாளைக்கு அங்கிருந்து கிளம்புவான். அதோடு விட்டது.

அன்றைக்கு அவன் என்றுமில்லாத வேகத்தில் நடந்தான்.

நாலு மணிக்கு இருவரும் வந்தார்கள். கசில்டாவின் தொப்பியில் ஒரு பெரணி இலை. அவளாகச் செருகியதா, அவர் செருகியதா?

"உங்க பை இங்க வரலையே ஐயா," என்றாள் சத்திரக்காரி. போன் போட்டுக் கேட்டாள். "லெபொரெய்ரோவுல இறக்கிட்டாங்களாம். உறையில அப்படித்தான் இருக்காம். இனிமே நாளைக்குத்தான் வண்டி. டாக்சி கூப்பிடவா?"

"சக்கரத்துல ஏறமாட்டேன்னு சொல்லிட்டுக் கிளம்பினவன்மா நான்," என்றார் பெனிக்னோ. "பிரஷர் மாத்திரை அதுலதான் இருக்கு. ராத்திரி சாப்பிட்டதும் போட்டாகணும். பரவாயில்ல, இருட்ட இன்னும் நேரம் இருக்கு. நடந்துடுவேன்."

கசில்டா அவிழ்த்த செருப்பை மறுபடி மாட்டினாள். "அந்த முட்டியோட தனியாவா? நானும் வர்றேன் அண்ணே. ஏய்யா, என் பையக் கொடு."

வழி நெடுக அவள் ஒரு நாளும் அந்தப் பையைக் கேட்டதில்லை. எலாடியோ அதைக் கொடுக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நானும் வர்றேன்," என்றான்.

"நீ வந்தா முன்னாடி ஓடிடுவ. கொடுய்யா."

"போகாத கசில்டா. உறையில எழுதினது நான்தான்."

சத்திரக்காரி சட்டென்று குனிந்து பதிவேட்டைப் புரட்டினாள்.

"எதுக்கு?" என்றாள் கசில்டா.

"நீ அவர்கூடச் சிரிக்கிற."

"என்னது?"

"சிரிக்கிற. என்கிட்டச் சிரிக்கல."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இத்தனை வருஷத்துல நீ என் பக்கத்துல நடந்திருக்கியா? பூசைக்குப் போனாக்கூட முன்னாலயே போய் வாசல்ல நின்னுக்கிட்டு கையசைப்ப. உன் முதுகுகிட்ட என்னத்தய்யா சொல்லிச் சிரிக்கிறது?"

அவள் பையைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அவர் பைய அனுப்பினவன் நீ. நீயே அவரைக் கூட்டிட்டுப் போ. அவர் நடைக்கு நட. நான் படுக்கப் போறேன். நாளைக்கு அங்க வந்து சேர்றேன்."

எலாடியோ பெனிக்னோவைப் பார்த்தான். அவர் தாடையைச் சொறிந்தார். "கோவிச்சுக்கலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன் தம்பி. நடந்துக்கிட்டே யோசிப்போம், வாங்க."

யூக்கலிப்டஸ் காட்டுக்குள் வழி இறங்கியது. எலாடியோவின் கால்கள் கயிற்றில் கட்டிய நாய் மாதிரி இழுத்தன. இரண்டு தடவை முன்னால் போய்விட்டான், இரண்டு தடவையும் நின்று காத்திருந்தான். ஒரு மணி நேரம் நடந்த பிறகு பெனிக்னோ கேட்டார்.

"கோவில் பார்த்த பிறகு நீங்க கடலுக்குப் போறீங்களே, அங்கயும் இதே ஓட்டம்தானா?"

"எந்தக் கடலுக்கு?"

பெனிக்னோ நின்றார். "பினிஸ்தெர்ராவுக்கு. கோவில்லருந்து இன்னும் மூணு நாலு நாள் நடை. அந்தத் தழும்பைக் கடல் தண்ணியில நனைக்கணும்னு சொல்லிக்கிட்டே வருதே தங்கச்சி. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

எலாடியோவுக்குக் காது மடல் கொதித்தது. அந்தத் தழும்பைப் பற்றி அவள் அவனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. விளக்கை அணைத்துவிட்டுத்தான் அவள் உடை மாற்றுவாள், அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். அதை மாட்டுக்கெல்லாம் வணக்கம் சொல்லுகிற இந்தக் கிழவரிடம் நடுரோட்டில் சொல்லியிருக்கிறாள். அவரைத் தள்ளிவிட்டு ஓடவேண்டும் போலிருந்தது. ஓடினால் மிச்சத்தைக் கேட்க முடியாது.

"வேற என்ன சொன்னா?" என்றான்.

"நிறையச் சொல்லுச்சு. ஆனா இந்த வேகத்துல எனக்குப் பேச மூச்சு வராது தம்பி."

எலாடியோ பல்லைக் கடித்துக்கொண்டு நடையைக் குறைத்தான். போதவில்லை. இன்னும் குறைத்து, பெனிக்னோவின் தோளுக்கு நேராக வந்து, அவர் பேசட்டும் என்று காத்தபடி நடந்தான்.