கடலைக்காய் உரித்த மாநாடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. ‘வந்தவர்கள் மனம்விட்டுப் பேசும்படி மாநாடு நடத்துவது எப்படி?’ என்று ஒரு கூட்டுறவுப் பத்திரிகை கட்டுரைதான் கேட்டது. மூன்று பத்தி ஒழுங்காக எழுதினேன். நான்காவது பத்தியில் மருதாத்தாள் வந்து உட்கார்ந்துவிட்டார். எழுப்ப முடியவில்லை.

முதல் தொடக்கம்: “1974. எருத்தேன்பதி வானத்தில் ஒரு மேகம்கூட—” [அடித்துவிட்டேன். மேகத்தில் தொடங்கும் கதையை நானே படிப்பதில்லை.]

இரண்டாம் தொடக்கம்: “வாய்க்கால் பாசன விவசாயிகள் சங்கத்தின் செயலாளர் புத்திசாலி.” [செயலாளர் நான்தான். ஆகவே இதுவும் போயிற்று.]

2

முந்தைய ஆண்டு மாநாட்டில் மேடையில் ஒன்பது பேர் பேசினார்கள். கீழே இருநூறு பேர் தூங்கினார்கள். மோர்ப் பந்தலுக்குப் போனதும் அந்த இருநூறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அங்கேதான் எனக்கு ஞானம் பிறந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கை சும்மா இருந்தால் வாயும் சும்மா இருக்கும். களை வெட்டும்போது ஊரையே பிரித்துப் போடுகிறவர்கள், நாற்காலியில் உட்கார்த்திவைத்தால் “ஆமாங்க” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அதனால் அந்த ஆண்டு மேடை இல்லை, நாற்காலி இல்லை. பந்தல் முழுக்கப் பாய். பாய்க்கு எட்டுப் பேர். நடுவில் விதைக்காக உரிக்கவேண்டிய கடலைக்காய்க் குவியல். வாய்க்கால் தலைப்பில் நிலம் உள்ளவர் நாலு பேர் என்றால், தண்ணீர் போய்ச் சேராத கடைமடைக்காரர் நாலு பேர்.

(குறிப்பு: மைக் செட்டுக்கு மட்டும் சொல்லிவைத்திருந்தேன். மைக் இல்லாவிட்டால் மாநாடு என்று யார் நம்புவார்கள்? இன்னொன்றும் உண்டு. தீர்மானங்களை வழக்கம்போல முந்தின நாளே எழுதி முடித்திருந்தேன். அப்போது இது தப்பாகத் தெரியவில்லை.)

3

“ஏனுங்க செக்கரட்டரி, மாநாட்டுக்குக் கூப்புட்டீங்களா, கடலைக்காய் உரிக்கக் கூப்புட்டீங்களா?” என்றார் குப்பண்ணன். எதையும் நக்கலடிக்காமல் கையில் வாங்கமாட்டார்.

“ரண்டுக்குந்தானுங்க.”

“அப்பத் திங்கலாமுங்களா?”

“விதைங்க அது!”

“வெதைச்சாலும் வவுத்துக்குத்தானுங்க போவுது.”

பாய் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், எதிரே இருந்த சங்கத் தலைவர் ஆறுமுகசாமியைப் பார்த்து மருதாத்தாள் வாயைத் திறந்தார். கடைமடையில் ரெண்டு ஏக்கரைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவர். தலைவருடைய காடு வாய்க்காலின் முதல் மடையில்.

“ஏனுங்ணா, உங்க காட்டுல தண்ணி வரப்பு மேல வழியுது. என்ர ராகி கதிர்ல பால் புடிக்கிற நேரம். இன்னம் அஞ்சு நாள்ல ஒரு தண்ணி பாயலீன்னா அத்தனையும் பதருங்ணா. இந்த ஒரு முறை மேமடையெல்லாம் அடைச்சுப்போட்டு, கடைமடைல இருந்து பாய்ச்சிக்கிட்டு வந்தா என்னுங்?”

ஆறுமுகசாமி நாலு காய் உரித்துப் பருப்பைக் குவியலில் போட்டார்.

“செரி அம்மிணி. எனக்கு அஞ்சு நாள் தாங்கும். நாளைக்கே உனக்கு உட்டுரலாம்.”

[இவரை வில்லனாக்கிப் பார்த்தேன். மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. பாயில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்தான்.]

4

மதியம் நிறைவுக் கூட்டம். மைக் வந்தது. தலைவர் எழுந்து, நான் எழுதிக்கொடுத்த தாளை வாசித்தார்.

“தீர்மானம் ஏழு. கடைமடை விவசாயிகளின் கோரிக்கை அனுதாபத்துடன் பரிசீலிக்கப்படும்.”

கைதட்டல். எல்லாப் பாயிலிருந்தும். பழக்கதோஷம்.

மருதாத்தாள் எழுந்தார். மடியிலிருந்த கடலைக்காய் பாயெல்லாம் சிதறியது.

“தலைவருங்க, காத்தால நாளைக்கே உடறன்னு சொன்னீங்களே?”

“அது பேச்சும்மா,” என்று மைக் சொன்னது. “இது தீர்மானம்.”

“பேச்சுக்கு உட்டாலும் என்ர காடு நனையுமுங்களே.”

குப்பண்ணன்கூடச் சிரிக்கவில்லை. ஆறுமுகசாமி என் பக்கம் திரும்பினார். “செயலாளர் இருக்காரு, கேட்டுப்போடலாம். நாளைக்கே உடறன்னு நான் சொன்னனுங்களா?”

நானும் அதே பாயில்தான் இருந்தேன். கையில் மினிட் புத்தகம், திறந்த பேனா.

5

முதல் முடிவு: “சொன்னீங்க தலைவரே,” என்கிறேன். தாளை அடித்துத் திருத்துகிறேன். மறுநாள் ராகிக் காட்டில் தண்ணீர் சலசலக்கிறது. [சலசலப்பு அதிகம். எனக்கே நம்பிக்கை வரவில்லை.]

இரண்டாம் முடிவு: பேனாவைப் பார்த்துக்கொண்டு, “சரியா ஞாபகம் இல்லீங்க,” என்கிறேன். [இதை எழுதும்போது மட்டும் கை எங்கும் நிற்கவில்லை. பழகிய கை.]

மூன்றாம் முடிவு: மருதாத்தாள் நேராக மைக்கிடம் போய்—

[போகவிடவில்லை. அவரைத் துணிச்சல்காரியாக்கிவிட்டால் என் வாய் தப்பித்துவிடும். அது நியாயமில்லை.]

எல்லாரையும் பேசவைக்க ஒரு மாநாட்டையே வடிவமைத்தவனிடம், ஒரே ஒருவர், ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். பிறகு மருதாத்தாளை விட்டுவிட்டுப் பத்திரிகைக்கு முடித்தனுப்பிய கட்டுரையில் இது இல்லை. பாய், குவியல், பாய்க்கு எட்டுப் பேர் என்கிற விவரமெல்லாம் இருக்கிறது. நன்றாக வந்திருப்பதாக ஆசிரியர் பாராட்டினார்.

கதையை மட்டும் என்னால் முடிக்க முடியவில்லை. முடித்தால் இரண்டில் ஒன்றை எழுத வேண்டும்.

நீங்கள் மூன்றாம் பகுதியைப் படித்தீர்கள். தலைவர் சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது. இன்னும் என்னைக் கேட்டபடி நிற்கிறார். மருதாத்தாள் என்னைப் பார்ப்பதை நிறுத்தி வெகுநேரமாகிவிட்டது. அவர் பார்ப்பது உங்களை.

ராகிக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. சொன்னாரா, இல்லையா?